மடை வைத்த வண்டி

போன வாரம் தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயில். நெரிசலில் பஸ் நின்றதும், அதை ஒட்டி ஒரு பெரிய மோட்டார் சைக்கிளும் வந்து நின்றது. பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, முன்னால் உயரமான கண்ணாடி. நெடுந்தூரம் போகிறவர்கள் வைத்திருக்கிற வண்டி. நின்ற மறுநொடியே அதன் உள்ளே இருக்கும் விசிறி ஓவென்று சுழல ஆரம்பித்தது. ஓட்டி வந்தவர் இரண்டு முழங்காலையும் டேங்கிலிருந்து விலக்கி, தவளை மாதிரி அகட்டிக்கொண்டார்.

"என்ன இந்த ஆளு இப்படி உக்காந்திருக்காரு?" என்று பக்கத்து சீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கால் வேவுதும்மா அவருக்கு" என்றேன். அந்த அம்மா நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. இருசக்கர வண்டியில் போகிறவர் காற்று வாங்கிக்கொண்டு போகிறார் என்றுதான் உலகம் நினைக்கிறது. பெரிய வண்டி என்பது ஓர் அடுப்பைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்காரும் ஏற்பாடு என்பது உட்கார்ந்தவர்களுக்கு மட்டும் தெரியும். ஓடிக்கொண்டிருக்கும்வரை பரவாயில்லை. கும்பகோணத்தில் மாசி மகத்துக் கூட்டத்தில் ஒரு தரம் மாட்டிப் பாருங்கள். இட்லியின் மேல் உங்களுக்குத் தனி இரக்கம் வந்துவிடும்.

அப்போது ஜன்னல் வழியாக அந்த வாசனை வந்தது. எஞ்சினைக் குளிர்விக்க ஊற்றுகிற கூலண்ட் சூடேறினால் ஒரு தித்திப்பு வாசனை வரும். கும்பகோணத்துக்குக் கிழக்கே இருக்கிற குத்தாலத்தில் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு அதிரசப் பாகு காய்ச்சும்போது, பதம் தவறப்போகிற நேரத்தில் இதே வாசனை வரும். அம்மா கத்திக்கொண்டே ஓடிவருவாள். ஆனால் எனக்கு அன்று பஸ்ஸில் அதிரசம் ஞாபகம் வரவில்லை. அமுதாதான் வந்தாள்.

அமுதா முத்துப்பேட்டைப் பெண். அவள் அப்பா படகு வைத்து மீன்பிடிக்கிறவர். கோரையாறு வழியாகப் போய் அலையாத்திக் காட்டைத் தாண்டிக் கடலுக்குள் இறங்குகிற படகு. அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார், அத்தைதான் வளர்த்தார். தஞ்சாவூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. எனக்கு வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்க்கிற வேலை. எங்கே ஷட்டர் துருப்பிடித்திருக்கிறது, எங்கே கரை சரிந்திருக்கிறது என்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மெடிக்கல் காலேஜ் சாலையில் ஒரு மாடிவீட்டைத் தோழிகள் இரண்டு பேரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்தோம். எங்கள் குடும்பம் ஒரு காலத்தில் நிலம் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் போய், அதைப் பற்றிய பேச்சு மட்டும் மிஞ்சியிருந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு நான் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது பிடிக்கவில்லை. ஆனால் ஊரில் சொல்லும்போது, "அரசாங்க வேலைக்கு அது தேவைப்படுது" என்பார்.

தேவையெல்லாம் இல்லை. எனக்கும் அமுதாவுக்கும் லடாக் போக வேண்டும், அவ்வளவுதான். தஞ்சாவூரிலிருந்து சொந்த வண்டியில், இரண்டே பேர். அதற்காக இரண்டு பேரும் ஒரே மாதிரி வண்டி வாங்கினோம்; இரண்டும் வேறு யாரோ ஓட்டிச் சலித்து விற்றவை. அவர்கள் ஏன் சலித்தார்கள் என்பது முதல் கோடையிலேயே புரிந்தது. ஒரத்தநாடு தாண்டி ரயில்வே கேட் போட்டு நின்றபோது அமுதா பின்னாலிருந்து கத்தினாள்.

"ஏய், உன் பேன்ட்டு கருகுற நாத்தம் இங்க வரைக்கும் வருதுடி!"

கால்சட்டைத் துணி உருகி வலது கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்றிரவு அவள்தான் சோற்றுக்கற்றாழை வாங்கிவந்து, தோலைச் சீவி, ஊதி ஊதித் தடவிவிட்டாள். ஊசி குத்துவதையே தொழிலாக வைத்திருக்கிறவளுக்கு அவ்வளவு மென்மையான கை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புளியங்கொட்டை அளவில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்த எஞ்சின் சூட்டைக் குறைக்க நாங்கள் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. முதலில் டேங்கின் மேல் ஈரத்துண்டு போட்டோம். பாபநாசம் வருவதற்குள் அப்பளமாகிவிட்டது. பட்டறைக்காரர் ஒருவர், "தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்ருங்க, ஐஸ் மாரி ஓடும்" என்றார். கூலண்ட் ஓட்டத்தை அடைத்துத் திறக்கிற அந்த வால்வைக் கழற்றிப் பார்த்தோம். வண்டி காலையில் இருமியது, மதியம் பழையபடி கொதித்தது. மறுபடி மாட்டச் சொன்னபோது அவர் கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "நான் அப்பவே சொன்னேன்ல, கழட்டக் கூடாதுன்னு" என்றார்.

முதல் நல்ல யோசனை முத்துப்பேட்டையிலிருந்துதான் வந்தது. படகு எஞ்சினின் புகைக்குழாய் காலில் படாமலிருக்க, வெப்பம் தாங்குகிற பட்டைக்கயிற்றை அதில் இறுக்கிச் சுற்றியிருப்பார் அமுதாவின் அப்பா. அதிலேயே ஒரு சுருள் கொடுத்தனுப்பினார். சைலன்சர் குழாயில் நானும் அவளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுற்றினோம். முதல்முறை சூடானபோது வண்டியே பற்றிக்கொண்டது போலப் புகைந்தது. கீழ்வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். ஆனால் கெண்டைக்கால் பிழைத்தது. டேங்குக்குக் கீழே இருந்த சந்தில் ரப்பர் ஷீட்டை வெட்டிச் செருகினோம். தொடையும் பாதி பிழைத்தது. முழங்கால்தான் பாக்கி. ரேடியேட்டர் விசிறி துப்புகிற அனல் நேராக முழங்காலுக்குத்தான் வரும்.

அந்த அனலைத் தகரம் வைத்து முழுக்க அடைத்துவிட்டேன். அடைத்த சூடு எங்கே போகும்? எஞ்சின் கொதித்து, விசிறி நிற்கவே இல்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்தபோது அமுதா சொன்னாள்.

"நீயெல்லாம் வாய்க்கால் பாக்குற ஆளு. வடிகால் இல்லாம அணை கட்டுனா உடைச்சுக்கிட்டுதானே போவும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாளெல்லாம் நான் பார்க்கிறது அதைத்தானே! தண்ணீரை யாரும் நிறுத்த முடியாது. மடை வைத்துத் திருப்பத்தான் முடியும். அன்றைக்கே பழைய காலண்டர் அட்டையை வெட்டி, மடித்து, வண்டியில் கட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். அனல் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கீழே இறங்கிப் போக ஒரு வழி. முன்னாலிருந்து நல்ல காற்று முழங்காலுக்கு வர இன்னொரு வழி. காற்று கண்ணுக்குத் தெரியாதே! அதனால் அட்டை நெடுக உல்லன் நூல்களை ஒட்டினேன். புது ஆற்றங்கரைச் சாலையில் நான் ஓட்டுவேன். அமுதா இணையாக ஓட்டிக்கொண்டே நூல் எந்தப் பக்கம் பறக்கிறதென்று பார்த்துச் சொல்வாள். ஆற்றில் தண்ணீர் வராத மாதம். தூர் வாருகிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டு எங்களைப் பார்ப்பார்கள்.

"மேல உள்ளது உன் பக்கமா மடங்குதுடி! கீழ ரெண்டும் நல்லா வெளிய போவுது!"

ஹெல்மெட்டில் கேமரா மாட்டி அதைப் படமும் எடுத்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் பார்ப்போம், மறுபடி அட்டையை வெட்டுவோம். பல வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் வடிவம் பிடிபட்டதும் அலுமினியத் தகட்டில் இரண்டு ஜோடி செய்தேன், எனக்கொன்று, அவளுக்கொன்று. விளிம்பை அரம் போட்டு மழுக்குவதற்குள் விரல்களெல்லாம் கீறல். அதற்கு 'மடை' என்று பெயர் வைத்தது அவள்தான்.

அக்னி நட்சத்திரத்தில், உச்சி வெயிலில், பட்டுக்கோட்டை வழியாக முத்துப்பேட்டைக்கு ஒரே மூச்சில் ஓட்டினோம். அவள் வீட்டு வாசலில் இறங்கியதும் முதல் வேலையாக முழங்காலைத் தொட்டுப் பார்த்தேன். மனித முழங்கால் மாதிரிதான் இருந்தது. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு குதித்தோம். அவள் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "முட்டி சுடலன்னு இம்புட்டுச் சந்தோசமா?" என்றார். அன்றைக்கு அத்தை வைத்த இறால் குழம்பை நான் மூன்றாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன் என்று பிற்பாடு வெகுநாள் சொல்லிச் சிரித்தார்கள்.

லடாக் பாதை திறப்பது ஆனி மாதம். என் வேலையில் அது பெரிய சங்கடம்; ஆற்றில் தண்ணீர் வந்து, குறுவை நெல்லுக்கு மதகுகளைத் திறக்கிற நேரம். அந்தச் சமயத்தில் யாராவது லீவு கேட்டால் கல்யாணமா, சாவா என்று கேட்பார்கள். நான் இரண்டும் இல்லை, இமயமலை என்றேன். அதிகாரி என்னை வெகுநேரம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது அமுதா வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"இந்த வருசம் வேணாம்டி. அப்பாவுக்கு நெஞ்சு வலி. நான் ஊருல இருந்து பாத்துக்கணும். அடுத்த வருசம் கண்டிப்பா போவோம்."

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஏமாந்த முகத்தைக் காட்டுகிற நேரமா அது? "மொதல்ல அப்பாவைப் பாரு" என்றேன். அவள் பையை நானே கட்டிக்கொடுத்தேன். லீவை ரத்துசெய்துவிட்டு மதகு திறக்கப் போய்விட்டேன். அவ்வப்போது அவளிடமிருந்து குறுஞ்செய்தி வரும்: அப்பா பரவாயில்லை, இங்கே டவர் சரியாக இல்லை. முத்துப்பேட்டையில் டவர் இல்லாமலா போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். நம்புகிறவர்களுக்கு அந்த மாதிரிக் கணக்கெல்லாம் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு முத்துப்பேட்டைக்குப் போனேன். அவளுக்குச் சொல்லவில்லை; திடீரென்று போய் நின்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைப்பு.

வீட்டுப் பக்கத்துத் தென்னை நிழலில் அவள் அப்பா உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நெஞ்சு வலிக்காரர் மாதிரி இல்லை. வெயிலில் கறுத்துத் திடகாத்திரமாக இருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

"என்ன பாப்பா, நீ இங்க நிக்கிற? அமுதாவும் நீயும்தானே வடக்க போயிருக்கீங்க?"

நான் பழப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உன்கூடப் போறேன்னு சொன்னதாலதானே பாப்பா அனுப்பிச்சேன்" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அது யார்கூடப் போயிருக்கு?"

"தெரியலப்பா" என்றேன். "உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னா. அதான் பாக்க வந்தேன்."

அவர் என் கையிலிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பார்த்தார். உள்ளேயிருந்து அத்தை, "யாரு வந்திருக்கா?" என்று கேட்டுக்கொண்டே வரும் சத்தம் கேட்டது. அவர் சட்டென்று குரலை உயர்த்தினார்.

"அமுதா கூட்டாளிப் பொண்ணுதான். ஆபீசுல வேலை முடியலயாம், தங்கிடுச்சு. அமுதா முன்னாடி போயி டெல்லியில நிக்கிதாம். இது நாளைக்கு ரயில்ல போயிச் சேந்துக்கும். சொல்லிட்டுப் போவ வந்திருக்கு."

அத்தை என் கன்னத்தைத் தடவி, "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றார். ஆரஞ்சுப் பை யாருக்கு என்று அவர் கேட்கவில்லை. கிளம்பும்போது அப்பா வண்டிவரை வந்தார். அடங்கின குரலில், "கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வந்துராத தாயி" என்றார்.

திரும்பும் வழியில் பட்டுக்கோட்டை தாண்டியதும் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு அழுதேன். வெகுதூரம் ஓட்டியிருந்தும் முழங்கால் சுடவில்லை. அது சுட்டிருந்தாலாவது எரிச்சலை அதன்மேல் காட்டியிருப்பேன்.

மற்றதெல்லாம் வீட்டுக்குப் போய்த் தேடியதும் கிடைத்தது. போனில் எல்லாம் இருக்கிறது, தேடத்தான் தோன்றவில்லை. சென்னையில் ஒரு பைக் குழு. 'எஞ்சின் சூட்டுக்குத் தானே தீர்வு கண்டுபிடித்த டெல்டாப் பெண்' என்று அமுதாவை அறிமுகம் செய்திருந்தார்கள். லடாக் பயணத்தில் பெட்ரோல் முதல் தங்குமிடம் வரை அவர்கள் பொறுப்பு. புது ஆற்றங்கரையில் எடுத்த படம் அதில் ஓடியது. நூல்கள் அழகாக வெளிப்பக்கம் பறந்தன. அமுதாவின் குரல், 'நான் இதை எப்படி டிசைன் பண்ணேன்னா' என்று விளக்கியது. 'மடை' என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. 'ஹீட் ஷீல்டு' ஆகியிருந்தது. நானும் அந்தப் படத்தில் இருந்தேன். என் வலது முழங்கால் மட்டும்.

அடுத்த படத்தில் பனிமலை. ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் என் அளவில் வெட்டிய தகடுகள் பளபளத்தன.

அமுதா திரும்பி வந்தபோது மூக்கு தோலுரிந்து, உதடு வெடித்திருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும், அப்பா சொல்லியிருப்பார். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

"உன் பேரைச் சொல்லியிருந்தா அவங்க உன்னத்தானே கூப்புட்ருப்பாங்க?" என்றாள். "ஒரு எடந்தான்டி இருந்துச்சு. உனக்கு என்ன, கவர்மென்ட்டு வேலை. எப்ப வேணா போவலாம். எனக்கு இது ஒண்ணுதான் கெடைச்சுச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"குடுத்திருப்ப. அப்புறம் ஆயுசுக்கும் நீ குடுத்ததால போனவளா இருந்திருப்பேன்."

நான் கட்டிக்கொடுத்த அவள் பையை எடுத்து ஓரமாக வைத்தேன். பிறகு அவளுக்குப் பழைய வழக்கம் வந்துவிட்டது போல. பார்த்ததை என்னிடம் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. மலைப்பாதை, ஓடை, காலையில் பல் கிட்டித்துக்கொண்டது எல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் சிரித்தாள்.

"மேல ஏறுனதும் அந்தத் தகட்ட எல்லாரும் கழட்டிட்டோம்டி. குளிரு தாங்கல. எஞ்சின் சூடு காலுக்கு அவ்வளவு எதமா இருந்துச்சு."

"கழட்டி எங்க வச்சீங்க?"

"எங்க வைக்கிறது? அங்கயே ஒரு கடைப் பக்கமாப் போட்டுட்டு வந்துட்டோம்."

படத்தில் என் பெயர் போடாததைவிட, இதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏன் என்று இத்தனை வருடத்தில் யோசித்து முடிக்கவில்லை. அந்த வாரமே அவள் வீட்டைக் காலிசெய்துகொண்டு சென்னைக்குப் போனாள். அந்தக் குழுவோடு சேர்ந்து வேலை, கல்யாணம் எல்லாம் அங்கேயே.

அவள் அப்பா மட்டும் தஞ்சாவூருக்குக் கண் காட்ட வரும்போதெல்லாம் நண்டோ கொடுவா மீனோ வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வருவார். அவளைப் பற்றிப் பேசமாட்டார். ஒரே ஒரு தடவை, படியிறங்கும்போது, "உனக்கு மட்டுமா செஞ்சுச்சு பாப்பா, எனக்குந்தான் செஞ்சுச்சு" என்றார். அவ்வளவுதான்.

போன ஐப்பசியில் அவர் இறந்துபோனார். செய்தி கேட்டு முத்துப்பேட்டைக்குப் போனேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பெண்களுக்கு நடுவில் அமுதா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள், பிறகு உட்கார்ந்துவிட்டாள். அத்தைதான் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, வந்திருந்தவர்களிடம் சொன்னார்:

"இந்தப் பொண்ணுதான் அமுதாகூட பனிமலைக்குப் போனது. அண்ணன் எல்லார்கிட்டயும் சொல்லும், ரெண்டு பொண்ணுங்க சேந்து போயிட்டு வந்துதுங்கன்னு. சொல்லு தாயி, ரொம்பக் குளிரா அங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அமுதா தரையைப் பார்த்தாள். அவர் அத்தனை வருடமும் அந்த ஊரில் அதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

"ரொம்பக் குளிரு அத்தை" என்றேன். "காலையில பல்லு கிட்டிச்சுக்கும். எஞ்சின் சூடுதான் காலுக்கு எதமா இருக்கும்."

அத்தை தலையாட்டினார்.

கிளம்பும்போது அமுதா குடையோடு தெருமுனைவரை வந்தாள். என் கையைப் பிடித்தாள். "ரொம்ப நன்றிடி" என்றாள். அதே மென்மையான கை. நான் விலக்கிக்கொண்டேன்.

"உனக்காகச் சொல்லல. உங்கப்பா சொன்ன பொய்யி, அவரு போன அன்னிக்கே உடைய வேணாம்னுதான்."

அவள் நின்றுவிட்டாள். நான் நனைந்துகொண்டே பஸ் ஏறினேன்.

வண்டியை அதற்கு முன்பே விற்றிருந்தேன். படகையும் விற்றுவிட்டார்களாம், அத்தை இப்போது அமுதாவோடு சென்னையில் இருக்கிறார். முத்துப்பேட்டை வீடு பூட்டிக் கிடக்கிறது. மெடிக்கல் காலேஜ் சாலையில் எங்கள் மாடிவீட்டை இடித்து ஸ்கேன் சென்டர் கட்டியிருக்கிறார்கள். ஆனியில் ஆற்றில் தண்ணீர் வருகிறது, மதகு திறக்கிறேன், ஷட்டர் ஏறும்போது வருகிற முதல் இரைச்சலைக் கேட்கிறேன். வந்து யாரிடமும் சொல்வதில்லை. அமுதாவின் நம்பரை மட்டும் போனிலிருந்து அழிக்கவில்லை. அழைப்பு வந்தால் எடுக்கக் கூடாது என்று உறுதியாக முடிவு செய்து வைத்திருக்கிறேன். அது வருவதே இல்லை.